பெட்டிக்கு யார், பலகைக்கு யார்

இருபத்தாறு வயதுக்காரன் ஒருவன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் உப்பள வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்குப் போன நாள் வரை என் கால்கள் தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில்தான் நின்றன. இனி அந்த வேலைக்கு நான் திரும்பப் போவதில்லை.

இந்தத் தை மாதம் விடுமுறைக்கு அளத்துக்குப் போயிருந்தபோது ஒரு புதுச் செய்தி காதில் விழுந்தது. இந்த வருஷம் முதல் சோடி இல்லாத ஆளுக்கும் குடிசை உண்டாம். அளத்துப் பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஏற்றத்தடியில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, ஒங்க காலத்துல சோடி இல்லேன்னா குடிசை கெடையாதாமே? நீங்க கல்யாணம் முடிக்காமலே எப்படி அங்கன இருந்தீய? எப்படிப் படிச்சீய?"

"எங்க அய்யா பெட்டி சுமந்தாரு. அதனால படிச்சேன்."

"என்னது, பெட்டியா? ஆம்பளையா?" என்று அவர்கள் சிரித்த சிரிப்பில் ஏற்றத்து மேல் நின்றவன் கயிற்றை விட்டுவிட்டான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் காலத்திலும் அப்படித்தான் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கதையை முழுதாக எழுதி வைக்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஓட்டப்பிடாரத்துப் பக்கம் ஊர் என்று ஒன்று உண்டு, வீடு கிடையாது. மழைக்காலத்தில் மாமாவின் மாட்டுத்தொழுவத்தில் ஒரு பக்கத்தை ஓலையால் மறைத்துக்கொண்டு இருப்போம். மழை ஓய்ந்து அளத்தில் பாத்திகள் தெரிய ஆரம்பித்ததும் சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பிறகு அடுத்த மழை வரைக்கும் அளத்து வரப்பின் மேல் இருக்கும் ஓலைக்குடிசைதான் எங்கள் வீடு. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. மூன்று பேர் படுத்தால் நாலாவதாக ஒரு பானைக்குத்தான் இடம் உண்டு. ஆனால் அந்தக் குடிசை இருந்தால்தான் குடிதண்ணீர் வண்டியிலிருந்து நமக்குப் பங்கு கிடைக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராய்க் கிடக்கும் இடத்தில் வாயில் வைக்கிற தண்ணீர் அந்த வண்டியில் வருவது மட்டும்தான். குடிசை இல்லாதவனுக்கு அளத்தில் வேலையும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசல்படி ஏறிய முதல் ஆள் நான். பாதிரிமார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அய்யா என்னை ஏற்றத்தில் நிறுத்தினார். கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுவது என் வேலை. வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தியின் மேல் யாராலும் நிற்க முடியாது என்பதால் விடியற்காலையில் ஆரம்பித்து முற்பகலிலேயே வேலையை முடித்துவிடுவார்கள். மீதிப் பகலெல்லாம் நான் குடிசை நிழலில் புத்தகத்தோடு கிடந்தேன். எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதித் தேறிவிட்டால் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம் என்று என் பழைய வாத்தியார் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு சில வருஷங்களை ஓட்டினேன். அந்த வருஷங்களைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

சொல்லவேண்டியது ஆள் எடுக்கும் நாளைப் பற்றி.

தை பிறந்து ஒரு நல்ல நாளில் எல்லாக் குடும்பங்களும் பெரிய வரப்பில் வரிசையாக நிற்கவேண்டும். மூட்டை முடிச்சுகள் பின்னால், ஆட்கள் முன்னால். எங்கள் கங்காணி சங்கரலிங்க அண்ணாச்சி ஒரு முனையிலிருந்து நடந்து வருவார். கையில் குடை இருக்கும். அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை, பாத்தியைக் குத்திப் பார்க்கத்தான் வைத்திருந்தார். வரப்பு வரைக்கும் செருப்போடு வருவார். பாத்தி என்றால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார், கோயிலுக்குள் போகிற மாதிரி. சத்தம் போட்டு ஒருவரையும் திட்டமாட்டார். முகத்தைப் பார்த்தும் பேசமாட்டார். அவர் பார்ப்பது நம் காலை. பேசும்போதெல்லாம் நம் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், திட்டு வாங்குவது அதைவிட லேசு என்று.

ஒவ்வொரு குடும்பத்தின் முன்னாலும் நின்று அவர் கேட்பது இரண்டே கேள்வி.

"பெட்டிக்கு யாரு?"

அந்த வீட்டுப் பெண் ஓர் அடி முன்னால் வருவாள். அள்ளிய உப்பை ஓலைப்பெட்டியில் தலையில் சுமந்துபோய் அம்பாரம் என்ற உப்புக் குவியலில் கொட்டுவது பெண்களின் வேலை.

"பலகைக்கு யாரு?"

ஆண் முன்னால் வருவான். நீளமான மூங்கிலின் முனையில் பலகை வைத்த வாருபலகையால் பாத்தியில் விளைந்த உப்பை வாரி ஒதுக்குவது ஆண்களின் வேலை.

இரண்டு பேரும் இருந்தால் சோடி. சோடிக்குக் குடிசை. என்னைப்போல் ஏற்றத்தில் நிற்கும் ஒற்றை ஆள், சோடி உள்ள குடிசையில் ஒட்டிக்கொண்டு கிடக்கலாம், அவ்வளவுதான். மனைவி செத்துப்போனவன், மறு வாரமே வேறு பெண்ணைத் தேடி அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் அவனை என்னென்னவோ பேசினார்கள். அளத்தில் யாரும் பேசவில்லை.

ஆள் எடுத்ததும் முதல் வேலை பாத்தி மிதிப்பது. மழைத் தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து எறிந்துவிட்டு, ஈரத்தரையைக் காலால் மிதித்து இறுக்கவேண்டும். குடும்பமே தோளோடு தோளாக வரிசையில் நின்று, ஒரு கால் பட்ட தடத்தை அடுத்த கால் பாதி மூடும்படி அங்குலம் அங்குலமாக நகரும். வேகமாக மிதித்தால் சேறு பிதுங்குமே தவிர இறுகாது. குதிகாலை முதலில் வைத்து, பிறகு பாதத்தை உருட்டி, கடைசியில் விரல்களால் அழுத்தித் துடைப்பதுபோல் எடுக்கவேண்டும். காயவிட்டு மறுபடி மிதிக்கவேண்டும். தரை சிமென்டு போலாகும் வரை இதேதான். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து, தன் குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகுவார். குழி விழுந்தால் ஒன்றும் சொல்லாமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் மறுபடி ஆரம்பிப்போம். தரை இறுகாத பாத்தியில் உப்போடு சேறும் சேர்ந்து வரும், அந்த உப்பைக் கப்பல்காரனும் வாங்கமாட்டான், கருவாட்டுக்காரனும் வாங்கமாட்டான்.

என் அம்மா பேச்சியம்மாள் மிதித்த பாத்தியில் அண்ணாச்சியின் குதிகால் குழி விழுந்ததில்லை. அதைப் பற்றி அம்மாவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "என் காலுக்குக் கண்ணு இருக்கு" என்பாள்.

முகத்தில் இருந்த கண்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைப் பாத்தியில் வெயில் பட்டுத் திரும்பி அடிக்கிற ஒளியில் அளத்துக்காரர்களுக்குக் கண் கெடுவது சாதாரணம். அம்மா அதை எங்களிடம் சொல்லவே இல்லை. பெட்டி வரிசையில் அவள் எப்போதும் இசக்கியம்மாளுக்குப் பின்னால்தான் நடப்பாள். இசக்கியம்மாள் பெட்டிக்காரப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நடப்பவள், வாய் பெரிசு. அவள் உடுத்திய சிவப்புச் சேலையை அடையாளம் வைத்துக்கொண்டுதான் அம்மா ஒரு பருவம் முழுவதும் நடந்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பருவத்தின் கடைசியில், இசக்கியம்மாள் காலில் குத்திய உப்புச் சில்லை எடுக்க வரப்பில் குனிந்தாள். பின்னால் வந்த அம்மா நிற்காமல் நேராக அவள்மேல் மோதினாள். இரண்டு பேரும், இரண்டு பெட்டி உப்பும், வாய்க்காலுக்குள்.

"ஏன் மதினி, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கத்திக்கொண்டே எழுந்த இசக்கியம்மாள், அம்மா தன் பெட்டியைத் தேடித் தண்ணீரில் கையால் தடவுவதைப் பார்த்தாள். பெட்டி கை எட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. பெட்டியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். "சரி, எம்பொறத்தாலயே வா. சீலையைப் பிடிச்சுக்க" என்றாள். அந்தப் பருவம் முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் அய்யாவிடம் மட்டும் சொன்னாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் மாட்டுத்தொழுவத்தில் இதே பேச்சுத்தான். வருகிற தையில் பெட்டிக்கு யார்? பார்வை மங்கியவளை, அம்பாரத்தில் ஏறச் சாய்த்து வைத்திருக்கும் பலகை மேல் ஏற்ற முடியாது. விழுந்தால் இடுப்பு போய்விடும். பெட்டிக்கு ஆள் இல்லையென்றால் குடிசை இல்லை. குடிசை இல்லையென்றால் அய்யாவுக்கும் எனக்கும் வேலை இல்லை, என் தேர்வும் இல்லை.

வழி ஒன்றுதான் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். குலசேகரன்பட்டினத்தில் அத்தை மகள் இருக்கிறாள். நல்ல திடமான பெண்.

"செல்லத்தொரைக்குக் கட்டிவச்சிட்டா பெட்டிக்கும் ஆளாச்சு, வீட்டுக்கும் ஆளாச்சு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் மாமா.

செல்லத்தொரை என்றால் நான்தான். சம்மதித்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. என் கூலியில் புத்தகம் வாங்குவதும் குடும்பம் நடத்துவதும் நடக்காது என்று தெரியும். இருந்தாலும் அய்யாவும் அம்மாவும் தெருவில் நிற்பதைவிட அது பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் பேசினாள். "பெட்டி தூக்கவா பொண்ணு கெட்டுவாக?"

"எல்லாரும் அப்படித்தானே கெட்டுதோம்? நீ எப்படி வந்தே?"

"நான் அப்படித்தான் வந்தேன். வந்து என் கண்ணைக் குடுத்தேன். இப்ப என் கண்ணு போச்சுன்னு இன்னொருத்தி கண்ணைக் கேக்கச் சொல்லுதியா? அவ கண்ணு போனா அப்புறம் அவ மருமவ கண்ணா? நான் சம்மதிக்க மாட்டேன் அண்ணே. இவன் பரீட்சை எழுதட்டும். அந்தப் புள்ளைய வேற நல்ல எடத்துல குடுங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அய்யா மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். என் அய்யா ராசையா மீசைக்காரர். குளிக்காமல் இருந்தாலும் இருப்பார், மீசையை முறுக்காமல் இருக்கமாட்டார்.

"ஏளா பேச்சி," என்றார். "பலகை புடிக்கக் கண்ணு வேணுமா?"

"என்ன கேக்கீய?"

"ஒன் காலுக்குத்தான் கண்ணு இருக்குன்னு சொல்லுதியே. பாத்திக்குள்ள நின்னு பலகைய இழுக்கதுக்குக் கால்தானே வேணும்? நீ பலகையைப் புடி. நான் பெட்டி தூக்குதேன்."

அம்மா சிரித்தாள். பிறகு அவர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். "பொம்பளை வரிசையிலயா? ஒங்க மீசையோடயா?"

"மீசையில பெட்டி தட்டாதுளா."

தை வந்தது. வரப்பில் நின்றோம். அண்ணாச்சி எங்கள் முன்னால் வந்து, வழக்கம்போல் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பெட்டிக்கு யாரு?"

அய்யா ஓர் அடி முன்னால் வைத்தார்.

அண்ணாச்சி அந்தக் காலைப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். அவர் ஒருவர் முகத்தைப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"வே ராசையா, நான் பெட்டிக்கில்லா கேட்டேன்?"

"பெட்டிக்குத்தான் அண்ணாச்சி."

"அப்ப பலகைக்கு?"

அம்மா முன்னால் வந்தாள். வரிசை முழுவதும் ஒரு சத்தம் எழுந்தது. யாரோ "ராசையா சீலை எங்கவே?" என்றான். பெண்கள் பக்கமிருந்து, "ஏளா, புது மருமவ வந்திருக்கா, ஆரத்தி எடுங்க!" என்ற குரல். அது இசக்கியம்மாள்தான், சந்தேகமே இல்லை.

அண்ணாச்சி காரணம் கேட்கவில்லை. அம்மாவின் கண்ணையும் ஒரு முறை பார்த்தார், பிறகு குடையால் தரையைக் குத்தினார். "சோடின்னா ஆம்பளையும் பொம்பளையும். அதுல கொறையில்ல. ஆனா சேத்து உப்பு வந்தா மொதலாளிகிட்ட நான் என்ன சொல்ல? மொத வாரு பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் குடிசையில இருங்க."

பிறகு அடுத்த குடும்பத்துக்கு நகர்ந்துவிட்டார். முதல் வாரு என்றால் முதல் முறை உப்பு எடுப்பது. அதற்குப் பங்குனி ஆகும். அதுவரை அந்தக் குடிசை எங்களுடையதும்தான், இல்லாததும்தான். தண்ணீர் வண்டியில் பங்கு இல்லை, பக்கத்துக் குடிசைகளில் கடன் வாங்கிக் குடித்தோம். அம்மா கூரையில் புது ஓலை வைக்கவிடவில்லை. "இருக்கோமா போறோமான்னு தெரியட்டும்" என்றாள். நான் புத்தக மூட்டையை அவிழ்க்காமலே, ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் படித்தேன்.

மாலைகளில் அம்மா வெறும் பாத்தியில் பலகை இழுத்துப் பழகினாள். அய்யா பழகவில்லை. தலையில் பெட்டி வைத்து நடப்பதில் பழக என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். எங்கள் எல்லோருடைய கவலையும் அம்மாவின் கண்ணைப் பற்றித்தான் இருந்தது.

பங்குனியில் ஒரு விடியற்காலை. பாத்தியில் உப்புப் பூத்துப் படிந்திருந்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு நின்றார். அம்மா பாத்திக்குள் இறங்கினாள். கால் விரலால் வரப்பின் ஓரத்தைத் தொட்டு மூலையைத் தெரிந்துகொண்டாள். பலகையை எட்டப் போட்டு, மூங்கிலை இடுப்போடு அணைத்து, பின்பக்கமாக நடந்தபடியே இழுத்தாள். பலகை தரையைக் கீறக் கூடாது, உப்பின் அடியை மட்டும் வருடிக்கொண்டு வரவேண்டும். கீறினால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரவில்லை. கரகரவென்று உப்பு மட்டும் நகர்ந்து வந்தது. பாதிப் பாத்தியில் சட்டென்று நின்றாள். காலால் ஓர் இடத்தை மெல்ல அமுக்கினாள்.

"இங்கன நண்டு வளை போட்டிருக்கு," என்றாள். "தரை பொதுபொதுங்குது." அந்த இடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு பலகையைக் கொண்டுபோனாள்.

அண்ணாச்சி இறங்கிப் போய் அங்கே குதிகாலை வைத்தார். குழி விழுந்தது. ஒதுக்கிய உப்பில் ஒரு கை அள்ளிப் பார்த்தார். வெள்ளை.

"பலகை சரி," என்றார்.

சோதனை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"பெட்டி வரட்டும்."

அய்யா வந்தார். தோள் துண்டைத் தலைப்பாகைபோல் சுற்றிக்கொண்டு, பெட்டியை ஒரே தூக்காகத் தூக்கி அதன்மேல் வைத்தார். வலு இருந்தது, கழுத்துத்தான் சொன்னபடி கேட்கவில்லை. பெட்டி வலப்பக்கம் சாய்ந்தால் ஆளும் வலப்பக்கம் சாய்ந்தார். ஓலை இடுக்கில் ஒழுகிய உப்புத் தண்ணீர் கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை எடுத்தார், பெட்டியின் ஒரு பக்கம் கொட்டியது. இரண்டாம் நடையில் இன்னும் மோசம். வரப்பு நீளத்துக்கும் கோலம் போட்டதுபோல் வெள்ளைக் கோடு விழுந்துகிடந்தது. கடைசியில் அம்பாரத்துக்கு வந்து சேர்ந்தது அரைப்பெட்டி.

பெண்கள் சிரித்தார்கள். பிறகு அண்ணாச்சி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அம்மா பாத்திக்குள் நின்றபடியே கேட்டாள், "என்னலே ஆச்சு?" "பாதி சிந்திப்போச்சும்மா" என்றேன்.

இசக்கியம்மாள்தான் வரிசையை விட்டு வந்தாள். அய்யாவின் தலையிலிருந்த துண்டை உரிமையோடு உருவினாள்.

"இதென்ன ராசையாண்ணே, மாப்பிள்ளை தலப்பாவா? சும்மாடு இப்பிடியா கெட்டுவாக?" துண்டை முறுக்கி, வட்டமாகச் சுருட்டி, நடுவில் குழிவு வைத்து உச்சியில் அமர்த்தினாள். "கழுத்த வெறைக்காதீங்க. இடுப்பு ஆடணும், தலை ஆடப்படாது."

"இடுப்பை ஆட்டுததுக்கா நான் வந்தேன்?"

"பெறகு எதுக்கு வந்தீய? பெட்டிக்கு வந்துட்டு வெக்கப்பட்டா ஆவுமா?" அவரை வரிசையின் நடுவில் நிறுத்தினாள். தான் பின்னால் நின்றுகொண்டாள். எப்போதும் முன்னால் போகிறவள் அன்று பின்னால் போனாள். பெட்டி சாய்ந்தபோதெல்லாம் பின்னாலிருந்து ஒரு விரலால் தட்டிவிட்டாள். "ஆடுங்கண்ணே, ஆடுங்க" என்று ஒரு பெண் ராகம் போட, வரிசையே அதைப் பிடித்துக்கொண்டது. மீசை முழுவதும் உப்பு அப்பியிருக்க, முகம் சிவக்க, என் அய்யா இடுப்பை ஆட்டிக்கொண்டு நடந்தார். அந்த நடையில் பெட்டி முழுதாக அம்பாரம் ஏறியது.

அண்ணாச்சி குடையால் தரையைத் தட்டினார். "இசக்கி, இப்பிடித் தெனமும் பின்னாலயே போவியா நீ?"

"போவேன். அவரு எங்க வரிசை ஆளு அண்ணாச்சி. சிந்துனா நாங்க பாத்துக்கிடுதோம்."

அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அய்யாவின் காலைப் பார்த்தார், அம்மாவின் காலைப் பார்த்தார். "சரி, பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் சொல்லும் 'பாப்போம்' எப்படி வேண்டுமானாலும் இருக்கும். என்ன அர்த்தம் என்று தெரியாமல் குடிசைக்குத் திரும்பினோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வண்டிக்காரன் வந்து, "ராசையா குடிசைக்குப் பங்கு ஊத்தச் சொன்னாரு அண்ணாச்சி. பானையைக் கொண்டாங்க" என்றான். அம்மா பானையை நீட்டுவதற்கு முன்னால், "கூரைக்கு ஓலை வேணும்லே, நாளைக்கு வாங்கியா" என்று என்னிடம் சொன்னாள்.

நான் அன்று புத்தக மூட்டையை அவிழ்த்தேன்.

அய்யா பிறகு நன்றாகவே நடக்கப் பழகினார். உப்புத் தண்ணீர் பட்டு உச்சி முடி கொட்டியது. பெண்கள் சொன்னபடி தேங்காயெண்ணெய் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். வரிசைப் பேச்சில் கலந்துகொண்டதில், யார் வீட்டில் யாருக்கு என்ன சண்டை என்பதெல்லாம் அம்மாவுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றும் அவர் அங்கே "மருமவ" ராசையாதான். அவர் அதற்குக் கோபப்படுவதில்லை. நான் இரண்டாம் முறையில் தேர்ச்சி பெற்றேன். பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்து நான் கிளம்பிய அன்று அய்யா வரிசையோடு நின்று, பெட்டியைக் கூட இறக்காமல், "போய்ட்டு வாலே" என்றார்.

இந்தத் தையில் பையன்களிடம் இத்தனையும் சொல்லி முடித்தபோது அண்ணாச்சியே அந்தப் பக்கம் வந்தார். வயதாகிவிட்டது, குடையை இப்போது ஊன்றிக்கொள்கிறார். எனக்கு விளையாட்டாக ஒன்று தோன்றியது.

"ஒத்தை ஆளுக்கும் குடிசை உண்டாமே அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு தருவீயளா?"

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் காலுக்கா? ஏ தாயி பேச்சி, இங்கன வந்து இந்தப் பய காலைப் பாரு."

அம்மா பாத்தியிலிருந்து ஏறி வந்தாள். இப்போது அவளுக்கு ஆள் நிழலாகத்தான் தெரியும். வரப்பில் உட்கார்ந்து, என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குதிகாலையும் விரல் இடுக்கையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. காய்ப்பு உதிர்ந்து தோல் மெத்தென்று ஆகியிருந்தது.

"ஆமா அண்ணாச்சி," என்றாள். "இது பாத்திக்கு ஆவாது."

ஒருவனை வேலைக்கு ஆகாது என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.